ரெஸ்யூமே யார் கைக்குப் போகிறது?

வேலை தேடும் இளைஞர் ஒருவர் கேன்வாவில் அழகான டெம்ப்ளேட்டாகப் பார்த்து ரெஸ்யூமே தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் முழுக்கக் கருநீலப் பட்டை. அதில் ஒரு வட்டத்துக்குள் புகைப்படம். கீழே தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் குட்டிக் குட்டி ஐகான்கள். அதற்கும் கீழே ஃபோட்டோஷாப், எக்செல், ஆங்கிலம், தலைமைப் பண்பு என்று வரிசையாகக் கோடுகள். ஒவ்வொன்றிலும் முக்கால் பங்கு மஞ்சள் நிரம்பியிருக்கிறது. வலப்பக்கம் படிப்பும் அனுபவமும். பிடிஎஃப் ஆக மாற்றி நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவிடுகிறார். வீட்டிலும் நண்பர்களிடமும் நல்ல பெயர். ஆனால் அந்தக் கோப்பை முதலில் திறக்கப்போவது ஒரு மென்பொருள். அதற்குக் கருநீலமும் தெரியாது, மஞ்சளும் தெரியாது.

அது எப்படிப் படிக்கிறது என்பது தெரிந்தால் இணையத்தில் வேலை தேடுவதைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிடிஎஃப் கோப்புக்குள் வாக்கியங்கள் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அடோபி நிறுவனம் 1993இல் இந்த வடிவத்தை வெளியிட்டபோது நோக்கம் வேறாக இருந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் கோப்புக்குள் இருப்பவை வரைவதற்கான கட்டளைகள்: இந்த ஃபான்டின் இத்தனையாவது வடிவத்தை, பக்கத்தின் இந்தப் புள்ளியில் வை, அடுத்ததை இன்னும் சற்றுத் தள்ளி வை. சொல் எங்கே முடிகிறது, எந்த வரிக்குப் பின் எந்த வரி, எது தலைப்பு, எது விவரம் என்பதெல்லாம் பெரும்பாலான கோப்புகளில் எழுதப்பட்டிருப்பதில்லை. மென்பொருள்தான் இடைவெளிகளை அளந்து, சொல்லையும் வரியையும் ஊகித்துக் கட்டியெடுக்க வேண்டும்.

மேலிருந்து கீழே ஒரே பத்தியாக ஓடும் பக்கமென்றால் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். பக்கத்தை இரண்டாகப் பிரித்தால் சில மென்பொருள்கள் இடப்பக்க வரியோடு வலப்பக்க வரியை ஒட்டி ஒரே வரியாகப் படித்துவிடும். கணக்கு உதவியாளராக இருந்த ஆண்டும் எக்செல் என்ற சொல்லும் பிறந்த தேதியும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். மஞ்சள் நிரப்பிய கோடு அதற்கு வெறும் செவ்வகம்; அதிலிருந்து ஒரு தகவலும் தேறாது. பக்கம் முழுவதையும் ஒரு படமாகச் சேமித்து ஏற்றியிருந்தால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இல்லாத மென்பொருளுக்கு அது வெற்றுத் தாள்.

தமிழில் எழுதினால் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. பத்திரிகை, பதிப்பகம், மொழிபெயர்ப்பு, பள்ளி ஆகிய இடங்களுக்குத் தமிழில் விவரக்குறிப்பு அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய ஃபான்டுகளில் தட்டியிருந்தால், திரையில் 'அம்மா' என்று தெரிவது கணினியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தாம். ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஃபான்டு அது. யுனிகோடில் தட்டியிருந்தாலும் பிடிஎஃப் ஆனபின் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. 'கொ' என்ற எழுத்தை வரையும்போது கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் என்று வருகிறது. யுனிகோடோ ககரத்தை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைக்கிறது. கோப்பிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கும்போது இந்த வரிசை சரியாக மீளாவிட்டால் கொம்பு ஒரு பக்கம் தனியாக நிற்கும். 'கொள்முதல் அலுவலர்' என்று தேடுகிறவருக்கு அந்த விண்ணப்பம் கிடைக்காது. இதைச் சோதிக்கச் செலவே இல்லை. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வுசெய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே என்ன தெரிகிறதோ ஏறக்குறைய அதுதான் மென்பொருளுக்கும் தெரியும்.

இந்த மென்பொருள்கள் முக்கால்வாசி விண்ணப்பங்களை மனிதர் பார்க்காமலே கிழித்துப்போட்டுவிடுகின்றன என்றொரு கணக்கு இணையத்தில் பல காலமாகச் சுற்றிவருகிறது. நம்பத்தக்க ஆய்வு எதுவும் அதற்கு அடிப்படையாக இல்லை. ரெஸ்யூமே எழுதித் தருவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்தப் பயம் வசதியாக இருக்கிறது. உண்மையில் இவை பெரிய அலமாரிகள். விண்ணப்பங்களை அடுக்கிவைக்கின்றன, எச்.ஆர். பிரிவினர் சொற்களைக் கொடுத்துத் தேடும்போது பொருந்துவனவற்றை எடுத்துத் தருகின்றன. முதலாளி வைத்த நிபந்தனைகளைக் கொண்டு வடிகட்டுகின்றன. கவலைப்பட வேண்டியது அந்த நிபந்தனைகளைப் பற்றித்தான். ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் அக்செஞ்சர் நிறுவனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் 2,250க்கும் மேற்பட்ட நிர்வாகிகளிடம் கேட்டார்கள். தகுதியுள்ளவர்களே, அறிவிப்பில் உள்ள வரிகளோடு அச்சாகப் பொருந்தாத காரணத்தால், வடிகட்டலில் வெளியே போய்விடுகிறார்கள் என்று 88% பேர் ஒப்புக்கொண்டார்கள். அந்த வடிகட்டிகளில் ஒன்று, வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்பது. பிள்ளை பெற்றவர்களும், படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்களும், நோயிலிருந்து மீண்டவர்களும் அந்த ஒற்றைக் கேள்வியில் காணாமல் போகிறார்கள். எந்த டெம்ப்ளேட்டும் இதற்கு மருந்தில்லை.

சரி, மென்பொருளைத் தாண்டி மனிதக் கண்ணுக்கு வந்துவிட்டது என்று கொள்வோம். அமெரிக்க வேலைவாய்ப்புத் தளமான தி லேடர்ஸ், 30 ஆட்சேர்ப்பாளர்களின் விழியசைவைக் கருவிகொண்டு பதிவுசெய்து 2012இல் ஒரு முடிவை வெளியிட்டது: முதல் பார்வையில் ஒரு ரெஸ்யூமேவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 6 நொடி. 2018இல் மறுபடி அளந்தபோது 7.4 நொடி. சிறிய ஆய்வு, அதுவும் வணிக நிறுவனம் தானே செய்தது. ஆகவே எண்ணைக் கல்லில் செதுக்க வேண்டியதில்லை. ஆனால் கண் எங்கே நின்றது என்பது முக்கியம். பெயர், இப்போதைய பதவி, முந்தைய பதவி, சேர்ந்த விலகிய ஆண்டுகள், படிப்பு. பெரும்பகுதி நேரம் இவற்றிலேயே கழிந்தது. படமும் அலங்காரமும் அந்தச் சில நொடிகளில் பங்கு கேட்டனவே தவிர, புதிதாக எதையும் கொடுக்கவில்லை.

படத்தை மூளை எழுத்தைவிட 60,000 மடங்கு வேகமாகப் புரிந்துகொள்கிறது என்ற வாசகமும் இந்த வணிகத்தில் அடிக்கடி காதில் விழும். அதற்கும் மூல ஆய்வு கிடையாது. படங்களைப் பற்றி உண்மையாக அளந்தறிந்த செய்தி வேறு. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல், வரைபடத்தில் மறைந்திருக்கும் அளவை மனிதர் எவ்வளவு துல்லியமாகக் கணிக்கிறார்கள் என்று சோதித்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் புள்ளிகள் இருக்கும் இடத்தை நாம் நன்றாகக் கணிக்கிறோம். நீளத்தைச் சற்றுக் குறைவாக. கோணத்தை அதைவிடக் குறைவாக. பரப்பை இன்னும் மோசமாக. இதைக் கொண்டு பார்த்தால் ரெஸ்யூமேயில் வரும் வட்டங்களும் நட்சத்திரங்களும் பலவீனமான வகை. நீளமான கோடு பரவாயில்லை. ஆனால் கோட்டுக்குப் பின்னால் அளவுகோலே இல்லையே! ஃபோட்டோஷாப் 85% என்றால் எதில் 85%? யார் அளந்தது? மீதி 15% என்ன? அறிவியல் பார்வையில் அது தகவல் போல் வேடமிட்ட நிறம். மாணவர்களின் ரெஸ்யூமேக்களைப் படிக்க நேரும்போதெல்லாம் இந்தக் கோடுகள்தாம் எனக்கு அதிக வருத்தம் தருகின்றன. ஒரு கடையின் மூன்று மாத இருப்புக் கணக்கை எக்செல்லில் கொண்டுவந்த பிள்ளை, அதை ஒரு வரியில் எழுதாமல், கோட்டில் முக்கால் பங்கு நிறம் நிரப்பி வைத்திருக்கும்.

அப்படியானால் காட்சி ரெஸ்யூமேயே வீண் என்று சொல்லிவிடலாமா? முடியாது. 2006இல் தொடங்கிய ஸ்லைடுஷேர் தளத்தில் பலர் தங்கள் பணிவாழ்வைச் சிலைடுகளாக ஏற்றினார்கள். 2011இல் வந்த விஷுவலைஸ்.மீ, லிங்க்ட்இன் விவரங்களை எடுத்து ஒரே சொடுக்கில் காலக்கோடும் வட்டப்படமுமாக மாற்றித் தந்தது. சில காலம் பேசப்பட்டு மறைந்தது. எல்லோருக்கும் ஒரே வார்ப்பில் வந்த படம் யாரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை. 2013இல் பிரான்சைச் சேர்ந்த ஓர் இணையத் தயாரிப்பு மேலாளர் தன் ரெஸ்யூமேயை அமேசானில் ஒரு பொருளை விற்கும் பக்கம் போலவே வடிவமைத்தார். விலை, கையிருப்பு, வாங்கியவர் மதிப்புரை எல்லாம் இருந்தன. அது உலகம் சுற்றியது. இங்கே வடிவமே வேலையின் மாதிரி. இணையப் பக்கத்தைக் கட்டுவது அவர் தொழில், கட்டிக் காட்டினார்.

வேலை மாதிரிக்கு ஏன் இவ்வளவு பலம் என்பதை ஆட்தேர்வு உளவியல் நீண்டகாலமாக அளந்துவருகிறது. ஒருவரைத் தேர்வு செய்யும்போது பார்த்த விஷயம், பின்னர் அவர் வேலையில் காட்டும் திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். ஷ்மிட், ஹன்டர் ஆகிய இருவரும் 1998இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது செய்துகாட்டும் தேர்வுக்கு 0.54 கிடைத்தது, அனுபவ ஆண்டுகளுக்கு 0.18 மட்டும். பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் அந்தக் கணக்கில் இருந்த புள்ளியியல் மிகைத் திருத்தங்களை நீக்கிப் பார்த்தார்கள். செய்துகாட்டும் தேர்வு 0.33க்கு இறங்கியது, அனுபவ ஆண்டுகள் 0.07க்கு விழுந்தன. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது. ரெஸ்யூமேயில் நாம் பெரிய எழுத்தில் போடும் '7 ஆண்டு அனுபவம்' ஏறக்குறைய ஒன்றையும் முன்னறிவிப்பதில்லை. செய்த வேலையைக் காட்டுவது அதைவிடப் பலமடங்கு பேசுகிறது.

வடிவமைப்பாளர்களுக்குப் பிஹான்ஸ் தளமும், நிரலாளர்களுக்கு 2008இல் கிட்ஹப் தளமும் வந்தபோது நடந்தது இதுதான். சொல்லும் ரெஸ்யூமேக்குப் பக்கத்தில் காட்டும் ரெஸ்யூமே ஒன்று உட்கார்ந்தது. நம் ஊரில் ஆரி வேலை செய்யும் பெண்களும், மணப்பெண் அலங்காரம் செய்கிறவர்களும், கல்யாண வீடியோ எடுப்பவர்களும் இன்ஸ்டாகிராமை நடத்தும் விதம் எந்த எச்.ஆர். பாடப்புத்தகத்துக்கும் குறைந்ததில்லை. பிளவுஸின் கைப்பகுதியை அருகே காட்டுகிறார்கள், தையலின் பின்பக்கத்தையும் காட்டுகிறார்கள். வாங்க வருகிறவர் கேட்கும் கேள்வி அவர்களுக்குத் தெரியும். எழுத்தாக ஒரு பக்கம், அதில் வேலையைக் காட்டும் ஓர் இணைப்பு: மென்பொருளுக்கும் மனிதருக்கும் பொதுவாக இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

படங்களில் ஒன்றை மட்டும் தனியாகப் பேச வேண்டும்: முகம். இஸ்ரேலில் பிராட்லி ரஃபிலும் ஸீவ் ஷ்டுடினரும் 2,656 வேலை அறிவிப்புகளுக்கு இரண்டிரண்டாக விண்ணப்பம் அனுப்பினார்கள். ஒன்றில் படம், மற்றதில் இல்லை; மற்ற விவரங்கள் ஏறக்குறைய ஒன்றே. படம் வைக்காத ஆண்களுக்கு 9.2% அழைப்பு வந்தது; அழகான ஆணின் படம் வைத்தபோது 19.9%. பெண்களுக்கோ தலைகீழ். படமே வைக்காத பெண்களுக்குத்தான் அதிக அழைப்பு. அழகான பெண் படம் வைத்தபோது குறைந்தது. ஒரே புகைப்படப் பழக்கம் ஒருவரைத் தூக்கிவிட்டு இன்னொருவரைத் தள்ளிவிடுகிறது, காரணம் வேலையோடு சம்பந்தமே இல்லாதது.

இந்தியாவில் முகத்துக்கு முன்பே பெயர் பேசிவிடுகிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் சாத்திய விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தை உதிர்த்து முன்னெழுத்தோடு பெயர் எழுதும் வழக்கம் ஒரு கவசம் என்பது உண்மை. ஆனால் சமூக வலைத்தளத்தில் அந்தக் கவசத்துக்கு எத்தனையோ ஓட்டைகள்: ஊர்த் திருவிழாப் படம், உறவினரின் வாழ்த்து, சேர்ந்திருக்கும் குழுக்கள். அமெரிக்காவில் அக்விஸ்டியும் ஃபாங்கும் நடத்திய சோதனையில், முதலாளிகளில் அதிகபட்சமாக மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பதாரரை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். ரெஸ்யூமேயில் படம் தேவையில்லை என்பதே என் கருத்து. லிங்க்ட்இன்னில் படம் இல்லாத கணக்கைப் போலி என்று நினைக்கிறார்களே என்றால், அந்த நெருக்கடிக்கு வேலை தேடுகிறவர் பொறுப்பில்லை. முதல் கட்டத்தில் படத்தையும் பெயரையும் மறைத்துக் காட்டுவது தளங்களுக்குக் கடினமான காரியமே அல்ல. செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதுவரை பேசியது தாளைப் பற்றி. தாளைவிடப் பெரிய கேள்வி, அது யார் வழியாகப் போகிறது என்பது.

சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய தொழில்முறைப் பணியாளர்களையும் நிர்வாகிகளையும் சந்தித்து ஒரு கேள்வி கேட்டார்: இந்த வேலை இருப்பது உங்களுக்கு யார் மூலம் தெரிந்தது? பாதிக்கு மேற்பட்டவர்கள் தெரிந்தவர் ஒருவர் மூலம் என்றார்கள். அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டபோதுதான் வியப்பு. அடிக்கடி என்றவர்கள் 16.7% மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6%. அரிதாக என்றவர்கள் 27.8%. முன்பு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர், பழைய வகுப்புத் தோழர் என்று, தற்செயலாக எதிர்ப்பட்டுப் பேசியபோது தகவல் வந்திருக்கிறது.

காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்கள் நம்மைப் போலவே அதே வட்டத்தில் புழங்குகிறவர்கள். நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். ஓரளவு மட்டுமே பழக்கமானவர் வேறொரு வட்டத்தில் காலை வைத்திருப்பவர். அங்கே புழங்கும் செய்தி அவர் வழியே நம்மிடம் வருகிறது. இந்தக் கருத்தை முன்வைத்த கட்டுரையை 1969இல் ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. 1973இல் இன்னொன்று வெளியிட்டது. சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அது ஒன்று.

ஆனால் இதைப் படித்துவிட்டு நெருங்கிய உறவால் பயனில்லை என்று முடிவுகட்டினால் தவறு. யான்ஜியே பியான், சீனத்தின் தியான்ஜின் நகரில் 1988இல் திரட்டிய தகவல் எதிர்த் திசையில் இருந்தது. அரசே வேலையை ஒதுக்கிய காலம் அது. அங்கே வேண்டியிருந்தது செல்வாக்கு. விதியை வளைத்து உதவ வேண்டுமென்றால் முழு நம்பிக்கை வேண்டும்; அரைகுறைப் பழக்கத்துக்காக யாரும் அந்த ஆபத்தை ஏற்க மாட்டார்கள். தகவல் தூரத்துப் பழக்கத்தின் வழியாகவும் சிபாரிசு நெருங்கிய உறவின் வழியாகவும் நடக்கும் என்ற இந்த வேறுபாடு, நம் ஊரில் வேலை தேடிய எவருக்கும் சொல்லாமலே புரியும்.

இரண்டு ஆய்வுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தூரத்துப் பழக்கம் வேலையைத் தந்ததா, அல்லது இயல்பிலேயே வேலை எளிதில் கிடைக்கக்கூடியவர்களுக்குத் தூரத்துப் பழக்கமும் அதிகமாக இருந்ததா? கேட்டு அறியும் ஆய்வால் இதைப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டியது லிங்க்ட்இன் நடத்திய சோதனை. 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அந்தத் தளம் முகங்களைக் காட்டுகிறதே, அந்த அல்காரிதத்தின் வெவ்வேறு வடிவங்களை வெவ்வேறு பயனாளர்களுக்குக் குலுக்கல் முறையில் ஓடவிட்டார்கள். சிலருக்கு நெருக்கமானவர்களை அதிகம் காட்டியது, சிலருக்குத் தூரத்தவரை. 2015 முதல் 2019 வரை 2 கோடிப் பேர், 200 கோடிப் புதிய தொடர்புகள், 6 லட்சம் புதிய வேலைகள். முடிவு 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

கிரானொவெட்டர் சொன்னது பெருமளவு நின்றது, ஒரு திருத்தத்தோடு. மிகத் தூரத்தவரும் அல்ல, மிக நெருங்கியவரும் அல்ல, நடுவாந்தரமான தூரத்தில் இருப்பவரே வேலை மாறுவதற்கு அதிகம் உதவினார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் சுமார் 10 பேர் இருக்கும் உறவு உச்சத்தில் நின்றது. அதற்கு மேல் பொது நண்பர்கள் கூடக்கூடப் பயன் இறங்கியது. மென்பொருளும் தொலைவிலிருந்து செய்யும் வேலையும் மிகுந்த துறைகளில் தூரத்துப் பழக்கம் நன்றாக வேலை செய்தது. கணினிமயம் குறைந்த துறைகளில் நெருங்கிய உறவே கைகொடுத்தது.

லாரா கீயும் உடன் ஆய்வாளர்களும் ஃபேஸ்புக்கின் சுமார் 60 லட்சம் அமெரிக்கப் பயனாளர்களை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு இன்னொரு கோணம் தருகிறது. மொத்தமாகப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர் தூரத்து நண்பர்தான், ஏனென்றால் அப்படிப்பட்ட நண்பர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். தனித்தனியாக எடுத்தால் ஒரு நெருங்கிய நண்பரின் பலன் ஒரு தூரத்து நண்பரைவிடக் கூடுதல். ஆகவே இருக்கும் நாலு நெருக்கமானவர்களிடம் கேட்கத் தயங்குவதும் தவறு, அவர்களோடு நின்றுவிடுவதும் தவறு.

லிங்க்ட்இன் சோதனையைப் பற்றி மனதில் உறுத்தும் செய்தி ஒன்று இருக்கிறது. அந்த 2 கோடிப் பேருக்கும் தாங்கள் சோதனையில் இருப்பது தெரியாது. பயன்பாட்டு விதிகளில் இடம் இருக்கிறது என்பது நிறுவனத்தின் பதில். முகங்களைக் காட்டும் வரிசை மாறினால் ஒருவரின் வேலை வாய்ப்பே மாறும் என்பதைத்தான் சோதனை நிரூபித்தது. அவ்வளவு எடையுள்ள முடிவை எடுக்கும் அல்காரிதம் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாமல் இயங்குவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

நெருங்கிய உறவின் வழியே வேலை தேடுவதில் இன்னொரு விலையும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட வேலைக்கு ஆள் திரட்டிய கங்காணி தன் சொந்த ஊருக்கே திரும்பி வந்து, உறவினரையும் ஊராரையும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் அழைத்துப்போனார். வேலை தந்ததும் அந்த உறவு, முன்பணக் கடனால் கட்டிப்போட்டதும் அதே உறவு. கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைகும் மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளை ஆராய்ந்து 2006இல் எழுதிய கட்டுரை இதன் நவீன வடிவம். ஆலை, பட்டறை வேலைகளைச் சாதி உறவு வழியே பெற்றுவந்த குடும்பங்களில், பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஆங்கிலம் படித்தவர்களுக்குச் சம்பளம் உயர்ந்த பிறகும், பையன்கள் மராத்தி வழிப் பள்ளிக்கே போனார்கள். அப்பாவின் வட்டம் அவர்களுக்கு வேலை வைத்திருந்தது. அந்த வட்டத்தில் இடமில்லாத பெண்பிள்ளைகள் ஆங்கில வழிக்கு மாறினார்கள், முன்னே போனார்கள். உறவு தாங்கிப்பிடிக்கும்; அதே பிடியில் நகரவிடாமலும் வைக்கும்.

தூரத்துப் பழக்கத்தின் ஆபத்து வேறு வகை. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சமூக வலைத்தளங்களில் வந்த அறிவிப்பை நம்பிப் போன இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022இல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. மோசடிக்காரர் நம்மிடம் வரும் தூரமும் அந்த நடுவாந்தரத் தூரமே போலத் தெரியும். பொது நண்பர்கள் சிலர் இருப்பார்கள், அவர்களும் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஆள் அனுப்பும் முகவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் சரி, பேச்சை வளர்க்கவே கூடாது.

அப்பா அம்மாவுக்கு அலுவலக உலகத்தில் ஒருவரையும் தெரியாத வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வருகிறவர், அந்த நடுத்தூரத்து மனிதர்களுக்கு எங்கே போவார்? இதற்கு நேரடியான பதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. ஹராம்பி என்ற தொண்டு நிறுவனம் அங்கே வசதியற்ற வீடுகளிலிருந்து வரும் இளைஞர்களை வேலைக்குத் தயார்செய்கிறது. லாரல் வீலரும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் பயிற்சிக் குழுக்களை இரண்டாகப் பிரித்தார்கள், மொத்தம் சுமார் 1,600 பேர். இரு பிரிவுக்கும் பயிற்சி ஒன்றுதான். ஒரு பிரிவுக்கு மட்டும் லிங்க்ட்இன்னைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஏறக்குறைய 4 மணி நேர வகுப்பு கூடுதல். கணக்குத் தொடங்குவது, விவரம் எழுதுவது, துறையில் உள்ளவர்களோடு தொடர்பு ஏற்படுத்துவது, நிறுவனங்களைப் பற்றிப் படிப்பது, பரிந்துரை கேட்பது. பயிற்சி முடிவில் அந்த வகுப்பு இல்லாதவர்களில் 70% பேருக்கு வேலை கிடைத்திருந்தது. வகுப்பு இருந்தவர்களில் 77%. இந்த வேறுபாடு ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. அலங்கார டெம்ப்ளேட் எதுவும் அந்த வகுப்பில் முக்கியப் பாடம் இல்லை.

4 மணி நேரம் என்பது ஒரு சனிக்கிழமை முற்பகல். நம் கலைக் கல்லூரிகள் பலவற்றில் பிளேஸ்மென்ட் செல் என்பது அறிவிப்புப் பலகையோடும் வாட்ஸ்அப் குரூப்போடும் நின்றுவிடுகிறது. முன்னாள் மாணவர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல், இருந்தால், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது காட்டும் கோப்பில் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கடைசி ஆண்டு மாணவர் கையில் கொடுத்து, லிங்க்ட்இன்னில் ஒவ்வொருவரையும் தேடவைத்து, எழுதவைக்கலாம். இரண்டு மூன்று வகுப்பு மூத்தவர்கள்தாம் பொது நண்பர்கள் 10 பேர் அளவில் இருக்கக்கூடிய ஆட்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பிள்ளைகள் தயங்குகிறார்கள். 'ரெஸ்யூமே இணைத்துள்ளேன், வேலை வாங்கித் தரவும்' என்று எழுதிவிட்டுப் பதில் வராமல் சோர்ந்துபோகிறார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'வணக்கம் அக்கா. நம் கல்லூரியில் இந்த ஆண்டு பி.காம். முடிக்கிறேன். நீங்கள் ஜி.எஸ்.டி. தணிக்கையில் இருப்பதைப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஆறு மாதமாகக் கணக்கு எழுதுகிறேன். அதில் பெயர்களை நீக்கிவிட்டு ஒரு மாதக் கணக்கை இந்த இணைப்பில் வைத்திருக்கிறேன். உங்கள் துறையில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் ஆறு மாதம் என்ன வேலை செய்கிறார்கள், அதற்கு நான் இன்னும் எதைக் கற்க வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை எந்த நேரமானாலும் அழைக்கிறேன்.'

இதில் சிபாரிசு கேட்கவில்லை. அரைகுறைப் பழக்கத்தில் ஒருவர் தயங்காமல் தரக்கூடிய தகவலை மட்டும் கேட்டிருக்கிறது. செய்த வேலை கூடவே போகிறது. அந்த அக்கா தன் அலுவலகத்தில் ஆள் தேடும்போது நினைவுக்கு வர வேண்டியது அந்த ஒரு மாதக் கணக்குத்தான்.